மர்ம நபர்களும் ஒரு பானைக் கொண்டைக்கடலையும்

தமிழ் நாளிதழ்களின் திருட்டுச் செய்திகளில் தவறாமல் தலைகாட்டும் ஒருவர் இருக்கிறார். பீரோவை உடைத்தவரும் அவரே, கோயில் உண்டியலைப் பெயர்த்தவரும் அவரே, நடைப்பயிற்சிக்குப் போன மூதாட்டியின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியவரும் அவரே. ‘மர்ம நபர்’ என்ற அந்தப் பெயருக்கு இத்தாலியப் பத்திரிகைகளிலும் ஓர் இணை உண்டு. அங்கே அவர்களை ‘இ சோலிதி இன்யோதி’ என்று எழுதுவார்கள். வழக்கம்போல் அடையாளம் தெரியாதவர்கள் என்று பொருள் கொள்ளலாம். மாரியோ மோனிசெல்லி 1958ஆம் ஆண்டு இயக்கிய நகைச்சுவைப் படத்துக்கு அந்தத் தேய்ந்துபோன பத்திரிகைச் சொல்லையே பெயராக வைத்தார். ஆங்கிலம் வழியாகப் படங்களைத் தேடுகிறவர்களுக்கு அது ‘பிக் டீல் ஆன் மடோனா ஸ்ட்ரீட்’ என்ற பெயரில் கிடைக்கும். மர்மம் என்பது துளியும் இல்லாத ஐந்தாறு பேர் அந்தப் பெயருக்கு ஆசைப்பட்டு அலைவதுதான் கதை.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு திரைப்படச் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த சிறிய மண்டபத்தில், மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே. பக்கத்தில் அமர்ந்திருந்தவருக்கு ஆங்கிலத் துணைத்தலைப்புகளைப் படிக்கும் வேகம் இல்லை என்பது சிறிது நேரத்திலேயே தெரிந்தது. ஆனால் அவர் எனக்கு முன்பாகவே சிரித்துக்கொண்டிருந்தார். நான் படித்து முடித்துச் சிரிப்பதற்குள் அவர் அடுத்த சிரிப்புக்குத் தயாராகியிருந்தார். இரண்டாவது முறை பார்த்தது சென்ற மாதம், வீட்டில், கும்பகோணத்தில் ஓர் அடகுக் கடையில் முப்பத்தொரு ஆண்டுகள் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற என் தாய்மாமாவுடன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த இரண்டாவது முறைதான். ஏனெனில் படத்தில் அந்தக் கும்பல் கொள்ளையடிக்கத் திட்டமிடும் இடமும் ஓர் அடகுக் கடை.

கதை ஒரு கார்த் திருட்டில் தொடங்குகிறது. கோசிமோ என்ற நடுவயதுத் திருடன் இரவில் ஒரு காரைத் திறக்கப் போய், அதன் ஒலிப்பான் விடாமல் அலற, கையும் களவுமாகச் சிக்கிச் சிறைக்குப் போகிறான். உள்ளே அவனுக்கு ஒரு பெரிய திட்டத்தின் தகவல் கிடைக்கிறது. அதைச் செயல்படுத்த வேண்டுமானால் அவன் வெளியே வர வேண்டும். வெளியே வர வேண்டுமானால் அந்தக் கார்த் திருட்டைத் தன் தலையில் போட்டுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். கூட்டாளிகள் அந்தப் பலியாட்டைத் தேடி ரோம் நகரின் புறநகர்ப் பகுதிகளில் வீடு வீடாக அலைகிறார்கள். கேட்கப்படுகிற ஒவ்வொருவனும் பணத்துக்கு ஆசைப்படுகிறான், ஆனால் ஏதோ ஒரு குடும்பக் காரணத்தைச் சொல்லித் தட்டிக்கழிக்கிறான். கடைசியில் பெப்பே என்ற திக்குவாய்க் குத்துச்சண்டைக்காரன் சம்மதித்து நீதிபதி முன்னால் ஒப்புவிக்கிறான். நீதிபதி அவனை நம்பாமல் இருவரையுமே உள்ளே அனுப்புகிறார். சிறை முற்றத்தில் பெப்பே தனக்கு நீண்ட தண்டனை கிடைத்துவிட்டதாக அழுது நடித்து, கோசிமோவின் வாயிலிருந்து திட்டம் முழுவதையும் கறந்துகொண்டு, தனக்கு விதிக்கப்பட்டது நிறுத்திவைக்கப்பட்ட தண்டனைதான் என்று சொல்லிவிட்டு வெளியே நடந்துவிடுகிறான். படம் முழுவதிலும் ஒழுங்காக நிறைவேறும் ஒரே பெரிய களவு இதுதான். அதுவும் ஒரு திருடனிடமிருந்து இன்னொரு திருடன் அடித்த களவு.

அந்தத் திட்டம் இதுதான். அடகுக் கடையின் பெட்டக அறைக்கு அடுத்திருக்கும் குடியிருப்பில் ஆளில்லை. இடையில் இருப்பது ஒரு மெல்லிய சுவர். அதைத் துளைத்தால் போதும். இதற்கு நம்மிடம் ‘கன்னம் வைத்தல்’ என்று ஒரு சொல்லே உண்டு. அதற்கான கருவிக்குக் கன்னக்கோல் என்று பெயர். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலனைக் கள்வன் என்று காவலரை நம்பவைக்க முயலும் பொற்கொல்லன், களவுத் தொழிலுக்குத் துணையாக எட்டைச் சொல்லுவான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. இந்தப் பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தபோது, மோனிசெல்லியின் ஆட்கள் ஒவ்வொன்றையும் எவ்வளவு சிரத்தையாகக் கோட்டைவிடுகிறார்கள் என்பது எனக்குத் தனி வேடிக்கையாக இருந்தது. ஆளில்லை என்று சொல்லப்பட்ட குடியிருப்பில் இரண்டு மூதாட்டிகளும் ஒரு வேலைக்காரப் பெண்ணும் குடிவந்திருக்கிறார்கள். கருவிகளை வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது. பெட்டகத்தைத் திறக்கும் முறையை அறிய, ஒரு திருட்டுக் கேமராவால் எதிர்ப்புறத்திலிருந்து படம் பிடித்துத் திரையிட்டுப் பார்த்தால், முக்கியமான நொடியில் கொடியில் காயப்போட்ட துணி குறுக்கே வந்து மறைத்துவிடுகிறது.

கருவி வாடகையும் பாடமும் தருகிறவர் டோட்டோ நடித்த டான்டே குருச்சியானி. பழைய பெட்டக உடைப்பாளர். இப்போது காவல்துறையின் கண்காணிப்பில் இருப்பவர். துணி காயும் மொட்டைமாடியில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் நிதானத்தோடு அவர் வகுப்பெடுக்கும் காட்சியில் மாணவர்கள் வாய்பிளந்து கேட்பார்கள். நேப்பிள்ஸில் 1898இல் பிறந்த டோட்டோ இத்தாலிய மக்களின் பெரும் நகைச்சுவை நடிகர். மோனிசெல்லி, ஸ்டேனோ என்ற இயக்குநருடன் சேர்ந்து 1951இல் அவரை வைத்தே போலீஸ்காரன் ஒருவனும் திருடன் ஒருவனும் பற்றிய ‘குவார்தியே எ லாத்ரி’ படத்தை எடுத்திருந்தார். இங்கே டோட்டோவுக்குச் சிறிய வேடம்தான். ஆனால் ஒரு தொழிலை முறையாகக் கற்ற கடைசி மனிதர் அவர்தான் என்ற எண்ணத்தை அந்தச் சில நிமிடங்களிலேயே உண்டாக்கிவிடுகிறார். அவருடைய தலைமுறைக்குத் திருட்டு ஒரு கைத்தொழில். எதிரே உட்கார்ந்திருக்கும் இளைஞர்களோ எந்தத் தொழிலும் கைவராதவர்கள். திருட்டும் அப்படிக் கைவராத தொழில்களில் ஒன்று.

ஜூல்ஸ் டாசின் பிரான்சில் 1955இல் எடுத்த ‘ரிஃபிஃபி’ படத்தில் ஏறத்தாழ அரை மணி நேரம் ஒரு பேச்சுமின்றி, இசையுமின்றி, திருடர்கள் அறுவை மருத்துவர்களைப்போல் வேலை செய்வார்கள். மோனிசெல்லியின் படம் அதைக் கேலி செய்ய எழுந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கேலிப் படமாக மட்டும் இருந்திருந்தால் ஒளிப்பதிவாளர் ஜான்னி டி வெனான்ஸோ இதை இவ்வளவு கனமான கறுப்பு வெள்ளையில் படமாக்கியிருக்க வேண்டியதில்லை. புறநகரின் சேற்று நிலங்களும், பாதி கட்டிய அடுக்குமாடிகளும், விடியலின் சாம்பல் வெளிச்சமும் ஒரு துயரப் படத்துக்கு உரியவை. பியரோ உமிலியானியின் ஜாஸ் இசைதான் அந்தத் தெருக்களில் துள்ளிக்கொண்டு போகிறது. படம்பிடித்த கண் துள்ளவே இல்லை.

மறு பாதி உண்மைக்கான தடயம் கதாசிரியர்களின் பெயர்ப் பட்டியலில் இருக்கிறது. ஆஜே, ஸ்கார்பெல்லி என்ற இரட்டையரோடும் மோனிசெல்லியோடும் சேர்ந்து இதை எழுதியவர் சூசோ செக்கி டாமிகோ. பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 1948இல், விட்டோரியோ டி சிக்காவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தின் திரைக்கதையில் பங்கேற்றவரும் இவரே. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அதன் தொடக்கத்தை மறந்திருக்க மாட்டார்கள். அடகில் இருக்கும் சைக்கிளை மீட்க, மனைவி கட்டிலில் விரித்திருக்கும் விரிப்புகளை உருவித் துவைத்துக் கட்டி அடகுக் கடைக்கு எடுத்துப் போகிறாள். அவற்றை வாங்கிய ஊழியர் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் சட்டங்களில் ஏறுகிறார், ஏறிக்கொண்டே இருக்கிறார். ஒரு நகரத்தின் ஏழைகள் அத்தனை பேரும் படுக்கும் துணி அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அந்தப் படத்தின் முடிவிலும் ஒருவன் திருட முயன்று, தெரியாத தொழிலாதலால், உடனே அகப்பட்டுக்கொள்கிறான். அங்கே அது நெஞ்சை அடைக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து அதே நகரில், அதே ஏழைகள், தங்கள் பொருள்கள் போய்ச் சேர்ந்த அதே வகைக் கடையைச் சுவர் வழியாக உடைக்க வருகிறார்கள். இம்முறை நாம் சிரிக்கிறோம். திருடத் தெரியாதவனின் நிலைமை மாறவில்லை. நாம் நின்று பார்க்கும் இடத்தைத்தான் மோனிசெல்லி சற்று நகர்த்தி வைத்திருக்கிறார்.

இத்தாலியின் அடகு நிலையங்களுக்கு ‘மோன்தே தி பியெதா’ என்று பெயர். கருணையின் குன்று என்று சொல்லலாம். கடும் வட்டிக்காரர்களிடமிருந்து ஏழைகளைக் காக்க வேண்டும் என்று பதினைந்தாம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவிகள் முன்னின்று தொடங்கியவை இவை. ரோமில் இது 1539இல் நிறுவப்பட்டது. இதை மாமாவிடம் சொன்னபோது, “கருணைனு பேர் வச்சா வட்டி குறையுமா?” என்று கேட்டார். அவர் கேள்வியில் கேலி இருந்தாலும் கசப்பு இல்லை. மீட்க முடியாமல் மூழ்கிப்போன நகைகளின் பட்டியலை ஆண்டுதோறும் எழுதிய கை அது. ஏலத்துக்கு முந்தைய நாள் ஒரு பெண் தன் தாலிக் குண்டுகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டதை அவர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் வாய்விட்டுச் சிரித்த காட்சி ஒன்றுதான். திட்டத்தைப் பறிகொடுத்த கோசிமோ சிறையிலிருந்து வெளியே வருகிறான். பெப்பேயின் கும்பலோடு சேர மனமில்லாமல், தன்மானத்தோடு, தானே தனியாக அந்த அடகுக் கடைக்குள் போய் ஊழியரின் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டுகிறான். ஊழியர் பதறவில்லை. துப்பாக்கியை அவன் கையிலிருந்து வாங்குகிறார், புரட்டிப் பார்க்கிறார், நிலைமை மோசம் என்று சொல்லி, அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒரு தொகையைச் சொல்கிறார். கோசிமோவுக்கு அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியேறுவதைத் தவிர வேறு வழி தோன்றுவதில்லை. மாமா படத்தை நிறுத்தச் சொன்னார். “இது வேடிக்கைக்கு எடுத்ததில்ல மாப்ளே, நிஜம்” என்றார். “அந்த நாற்காலில உக்காந்தவனுக்குக் கண்ணுல படறது பொருள்தான். ஆள் மூஞ்சியை நிமிர்ந்து பாத்துட்டா வட்டி சொல்ல வாய் வராது.”

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அந்தக் காட்சி எனக்கு வேறாகிவிட்டது. இருபது ஆண்டுகளாக நான் அதைத் தவறாகப் புரிந்துகொண்ட ஓர் ஊழியரைப் பற்றிய நகைச்சுவை என்று எண்ணியிருந்தேன். ஊழியர் எதையும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. வறியவன் கொண்டுவரும் எதுவும், அது அவனுடைய ஆத்திரமாகவே இருந்தாலும், அங்கே எடைபோட்டு மதிப்பிடப்படும் பண்டமாகிவிடுகிறது. கோசிமோ நீட்டியது மிரட்டல்; அது அடகுக்கு வந்த பழைய இரும்பாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. சிறிது நேரத்தில் அவன் தெருவில் ஒரு பெண்ணின் கைப்பையைப் பறிக்க முயன்று, டிராம் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போகிறான். ஒரு நகைச்சுவைப் படத்தின் நடுவில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், எந்தச் சோக இசையின் துணையும் இல்லாமல் இப்படி ஒரு சாவு வருகிறது. கூட்டாளிகள் சிறிது நேரம் கூடி நின்றுவிட்டுத் தங்கள் திட்டத்துக்குத் திரும்புகிறார்கள். முதல்முறை பார்த்தபோது அந்த மண்டபத்தில் சிரிப்பு நின்று, மீண்டும் தொடங்க வெகுநேரம் ஆனது எனக்கு நினைவிருக்கிறது. கொம்மேதியா அல்லித்தாலியானா என்று பின்னாளில் பெயர்பெற்ற, சிரிப்பும் கசப்பும் பிரிக்க முடியாமல் கலந்த அந்த இத்தாலிய நகைச்சுவை வகைக்கு இந்தப் படத்தைத் தொடக்கமாகச் சொல்வதற்கு இந்தச் சாவு ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கும்பல் ஏன் தோற்கிறது என்பதைப் பற்றி யோசித்தால், மூளைக் குறைவு என்ற விடை போதவில்லை. மாஸ்ட்ரோயானி நடித்த டிபேரியோ ஒரு புகைப்படக்காரன். மனைவி கள்ளச் சிகரெட் விற்றதற்காகச் சிறையில் இருக்க, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் சதியாலோசனைக்கே வருகிறான். கும்பலில் இன்னொருவனான மாரியோ அநாதை இல்லத்தில் வளர்ந்தவன். தன்னை வளர்த்த பெண்மணிகளை எல்லாம் அம்மா என்று அழைப்பவன். அவர்கள் காதுக்குச் செய்தி போய்விடும் என்பதே அவனுடைய பயம். பெப்பே வேலைக்காரப் பெண் நிக்கோலெத்தாவை மயக்கிச் சாவியைக் கைப்பற்றப் போய், தானே மயங்கிவிடுகிறான். சாவியின் வழி அடைபட்டுப்போக, இவர்கள் கரி கொட்டும் வழியிலும் கண்ணாடிக் கூரையிலும் தவழ்ந்து உள்ளே போக வேண்டியதாகிறது. மாரியோவோ கும்பலில் ஒருவனான ஃபெர்ரிபோத்தேயின் தங்கை கார்மெலினாவைக் காதலித்து, களவுக்கு முன்பே விலகி ஒரு திரையரங்கில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறான். கண்ணகிக் கதையின் பொற்கொல்லன் சொன்ன எட்டோடு ஒன்பதாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. திருடப் போகிறவனுக்கு வீட்டில் யாரும் காத்திருக்கக் கூடாது.

குறை சொல்ல இடமில்லாத படம் என்று நான் சொல்லவில்லை. ஃபெர்ரிபோத்தே தன் தங்கையை வீட்டுக்குள் பூட்டி வைப்பதைப் படம் தென்னித்தாலியர்களைப் பற்றிய ஒரு பழைய வேடிக்கையாகவே பயன்படுத்துகிறது. அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்பதில் அதற்குப் பெரிய அக்கறை இல்லை. அந்த வேடத்தில் நடித்த கிளவுடியா கார்டினாலே துனிஸ் நகரில் பிறந்து வளர்ந்தவர், அப்போது இத்தாலிய மொழி அவருக்குச் சரியாக வராது. எனவே குரலும் வேறொருவருடையது. இதைத் தேடிப்போய்ப் படித்தபோதுதான் இன்னொரு கூத்தும் தெரியவந்தது. சிசிலிக்காரன் ஃபெர்ரிபோத்தேயாக வந்த டிபேரியோ முர்ஜா உண்மையில் சர்தீனியாவைச் சேர்ந்தவர், ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர். எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டே இருக்கும் கிழவன் கப்பனெல்லே, போலோன்யா வட்டாரப் பேச்சுப் பேசுவான். நடித்த கார்லோ பிசகானேவோ நேப்பிள்ஸ்காரர். பெப்பேயாக ரோம் நகரின் சேரிப் பேச்சைத் திக்கித் திக்கிப் பேசிய விட்டோரியோ காஸ்மன் ஜெனோவாவில் பிறந்தவர், அதுவரை ஹாம்லெட்டும் ஒத்தெல்லோவுமாக மேடையில் முழங்கிக்கொண்டிருந்தவர். அவருடைய கம்பீரத்தை மறைக்க நெற்றியைக் குறுக்கி, மூக்கை மாற்றி ஒப்பனை செய்திருக்கிறார்கள். திருநெல்வேலிக்காரரை மதுரைப் பேச்சும் கோயம்புத்தூர்க்காரரைச் சென்னைப் பேச்சும் பேசவைத்து, யாருக்கும் சந்தேகம் வராமல் தப்பித்த மாதிரி. படத்துக்குள் இருந்தவர்களுக்குக் கைவராத மோசடி, படத்தை எடுத்தவர்களுக்கு நன்றாகவே கைவந்திருக்கிறது.

கடைசி இரவுக்கு வருகிறேன். உள்ளே நுழைந்து, அளந்து, குறித்து, வியர்வை சொட்டச் சுவரை உடைக்கிறார்கள். செங்கல் சரிகிறது. தூசி அடங்கியதும் ஓட்டையின் அந்தப் பக்கம் தெரிவது பெட்டக அறை இல்லை. அதே வீட்டின் சமையலறை. மூதாட்டிகள் அறைகளின் சாமான்களை இடம் மாற்றிப் போட்டிருந்ததால் சுவர் மாறிவிட்டது. நடந்து போயிருந்தால் கதவு வழியாகவே போயிருக்கக்கூடிய இடத்துக்குச் சுவரை உடைத்துப் போயிருக்கிறார்கள். இந்த இடத்தில் வேறொரு இயக்குநர் அவர்களை ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளவிட்டிருப்பார், அல்லது போலீஸை வரவழைத்திருப்பார். மோனிசெல்லியின் ஆட்கள் அங்கே கொண்டைக்கடலை போட்டுச் சமைத்த பாஸ்தா இருப்பதைப் பார்க்கிறார்கள். உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

அந்தச் சாப்பாட்டுக் காட்சியைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு ஆறாது. யாரும் யாரையும் குறைசொல்லவில்லை. பெரிய கொள்ளைக்காக வாடகைக்கு எடுத்த கருவிகள் தரையில் கிடக்க, ஒருவன் சமையலின் பக்குவத்தைப் பற்றிப் பேச, இன்னொருவன் மறுமுறை போட்டுக்கொள்கிறான். படம் முழுக்க ஏதோ ஒன்றைக் கொறித்துக்கொண்டே இருந்த கப்பனெல்லே கிழவனின் பசி அவன் ஒருவனுடைய கோமாளித்தனம் என்று நாம் எண்ணியிருந்தோம்; இப்போது பார்த்தால் அத்தனை பேருக்கும் அதே பசிதான் இருந்திருக்கிறது. ஓர் இரவு முழுக்க உழைத்துவிட்டு வந்த கொத்தனார்களும் சித்தாள்களும் சாப்பிட உட்கார்ந்ததுபோல் இருக்கிறது அந்த மேசை. பிறகு எரிவாயு அடுப்பு வெடித்து அந்த நிம்மதியும் முடிகிறது. மறுநாள் பத்திரிகையில், அடையாளம் தெரியாதவர்கள் சுவரைத் துளைத்து வந்து பாஸ்தாவும் கொண்டைக்கடலையும் திருடிச் சென்றதாகச் செய்தி வருகிறது.

விடியற்காலையில் முகத்தில் கரியோடு ஒவ்வொருவராகப் பிரிந்து போகிறார்கள். பெப்பேயும் கப்பனெல்லேயும் மட்டும் மிஞ்சி நடந்துவருகையில் போலீஸாரைக் கண்டு, ஒரு கட்டுமானத் தளத்தின் வாயிலில் வேலைக்காகக் காத்து நிற்கும் கூட்டத்துக்குள் பெப்பே புகுந்துகொள்கிறான். கதவு திறக்கிறது, கூட்டம் அவனையும் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறது. கம்பிக் கதவுக்கு வெளியே நின்று கிழவன் பதறிக் கத்துகிறான், உள்ளே போனால் உன்னை வேலை செய்யவைத்துவிடுவார்கள் என்று. ஆஸ்கரின் வெளிநாட்டுப் படப் பிரிவில் இந்தப் படம் பரிந்துரைக்கப்பட்டு, ழாக் தாத்தியின் ‘மோன் ஓன்க்ள்’ படத்திடம் தோற்றது. தோல்வியைப் பற்றிய படத்துக்கு அதுவும் பொருத்தமே என்று நான் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கதவு மூடும் காட்சியை மறுபடி ஓட்டச் சொன்னார்.

“இவன் அங்க எத்தனை நாள் நிப்பான்னு நினைக்கிற?” என்றார்.

தெரியவில்லை என்றேன்.

“மூணாம் நாள் சாந்துச் சட்டியைக் கீழ போட்டுட்டு வந்துருவான்.”

அடுத்த ஆண்டே, 1959இல், நான்னி லோய் இயக்கத்தில் இதன் இரண்டாம் பாகம் வந்தது என்றும், அதில் பெப்பே மறுபடியும் பழைய கூட்டாளிகளோடு ஒரு கொள்ளைக்காக மிலான் நகருக்குக் கிளம்புகிறான் என்றும் சொன்னேன். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டே, “அங்கயாவது சுவத்தை அளந்தானுங்களா?” என்று கேட்டார்.